மைக்ரேனுக்கு யோகா: மாத்திரைக்குப் பதிலா, மாத்திரையோடு சேர்த்தா?

(திரையில்: இருட்டாக்கிய அறை, நெற்றியில் ஈரத் துணியோடு படுத்திருக்கும் பெண்)

மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி, இருக்கிறது என்று வாய் திறந்து சொன்னால் போதும், வீட்டில் பாதிப் பேர் "மாத்திரையா விழுங்காதே, யோகா பண்ணு" என்பார்கள், மீதிப் பேர் "யோகாவுல எல்லாம் தலைவலி போகுமா, நல்ல டாக்டரைப் பாரு" என்பார்கள். இரண்டையும் கேட்டுக் குழம்பி நிற்கிற பெண்களுக்காகத்தான் இந்த வீடியோ. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து வேண்டும், அதோடு யோகாவும் சேர்ந்தால் நல்லது. ஆனால் யோகா செய்ய வேண்டியது தலை வெடிக்கிற அன்றைக்கு இல்லை, வலி இல்லாத சாதாரண நாட்களில்.

சரி, ஏன் பெண்களுக்கென்று தனியாகப் பேசுகிறோம்? ஆண்களைவிடப் பெண்களுக்கு மைக்ரேன் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். சிறு வயதில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது, வயதுக்கு வந்த பிறகுதான் இடைவெளி விரிகிறது. மாதவிடாய்க்குச் சற்று முன்னால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று இறங்கும்போது பலருக்கு வலி கிளம்பும். மாதவிடாய் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து அடுத்த இரண்டு மூன்று நாள் வரை வருகிற வலி பெரும்பாலும் இந்த வகைதான். கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் பலருக்குக் குறைந்துவிடும், நாற்பதுகளில் மாதவிடாய் தாறுமாறாகும்போது மறுபடி தலைதூக்கும். இது சோம்பலோ நடிப்போ இல்லை, மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்ட நோய். மருந்து எடுக்காவிட்டால் ஒரு தாக்குதல் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை ஆளைப் படுக்கவைக்கும்.

(திரையில்: எய்ம்ஸ் ஆய்வு, இரண்டு குழுக்கள், வரைபடம்)

இப்போது ஆதாரத்துக்கு வருவோம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் செய்த ஓர் ஆய்வு 2020-இல் 'நியூராலஜி' என்ற மருத்துவ இதழில் வெளியானது. மைக்ரேன் உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்து மட்டும், இன்னொரு குழுவுக்கு அதே மருந்தோடு யோகாவும் கொடுத்தார்கள். முதல் மாதம் வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம், ஆசிரியர் பக்கத்தில் இருக்க. அடுத்த இரண்டு மாதம் வாரத்தில் ஐந்து நாள், வீட்டிலேயே. முடிவுவரை நின்றவர்கள் 114 பேர். யோகா குழுவில் மாதத்துக்குச் சராசரி 9.1 ஆக இருந்த தலைவலி 4.7 ஆக இறங்கியது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 7.7 என்பது 6.8 ஆனது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது மாத்திரைக் கணக்கு: யோகா குழுவில் மாத்திரை 47 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்குச் சுமார் 12 சதவீதம்தான்.

இதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி எத்தனை முறை வந்தது என்று அவரவர் சொன்னதை வைத்துத்தான் கணக்கு, தான் யோகா செய்கிறோம் என்று செய்கிறவருக்குத் தெரியும், அந்த நம்பிக்கையிலும் கொஞ்சம் வலி குறையலாம். இன்னொன்றும் கவனியுங்கள், யோகா குழுவில் யாரையும் மருந்தை விடச் சொல்லவில்லை.

பெங்களூருவில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 60 பேரை வைத்து ஆறு வாரம் செய்த ஆய்விலும் யோகா சேர்த்தவர்களுக்கு வலியின் கடுமையும் எண்ணிக்கையும் குறைந்தன. இதயத் துடிப்பை அளந்து பார்த்ததில், உடம்பை நிதானத்துக்குக் கொண்டுவருகிற வேகஸ் நரம்பின் வேலை அவர்களுக்குக் கூடியிருந்தது. மைக்ரேன் உள்ள மூளைக்குத் திடீர் மாற்றம் எதுவும் ஒத்துக்கொள்ளாது. தூக்கம் கெட்டாலும் பசி பொறுத்தாலும் வெயிலில் அலைந்தாலும் பதறும். மூச்சை நிதானமாக விடப் பழகும்போது அந்தப் பதற்றம் குறைகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

(திரையில்: பிராமரி செய்யும் பெண்)

என்ன செய்யலாம்? எனக்குப் பிடித்தது பிராமரி, வண்டு மாதிரி ரீங்காரமிடும் மூச்சுப் பயிற்சி. முதுகு நிமிர்ந்து உட்காருங்கள், தரையில் முடியாவிட்டால் நாற்காலி போதும். காதுத் துளைக்கு முன்னால் இருக்கிற சின்ன மடலை ஆள்காட்டி விரலால் மெதுவாக மூடி, மூக்கு வழியாக மூச்சை இழுத்து, உதடு மூடியபடி 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் மூச்சு தீரும்வரை விடுங்கள். பல்லைக் கடிக்கக் கூடாது, தாடை தளர்ந்திருக்க வேண்டும், அதிர்வு மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் தெரியும். ஐந்தாறு முறை போதும். அந்தச் சத்தமே எரிச்சலாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு மூக்குத் துளையில் இழுத்து மறு துளையில் விடுகிற நாடிசுத்தியை மூச்சை அடக்காமல் செய்யலாம். அப்புறம் கழுத்தும் தோளும் இளக, பூனை மாதிரி நின்று முதுகை வளைக்கிற மார்ஜாரி ஆசனம், முழங்காலிட்டு முன்னால் குனிந்து, தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சசாங்காசனம், சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுப்பது, கடைசியில் சவாசனம். சவாசனத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அடுப்பில் குக்கர் விசில் அடித்தாலும் யாராவது போய் அணைக்கட்டும்.

தலைகீழாக நிற்கிற சிரசாசனம், தோளில் நிற்கிற சர்வாங்காசனம், கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள், சூடான அறையில் செய்கிற யோகா எல்லாம் மைக்ரேன்காரர்களுக்கு ஆகாது, முக்கியமாக ரத்த அழுத்தமோ கழுத்துத் தேய்மானமோ இருந்தால். வலி தொடங்கிவிட்டால் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு, டாக்டர் சொன்ன மாத்திரையை உடனே போட்டு, இருட்டில் படுங்கள். குனிந்து நிமிர்ந்தாலே வலி கூடும் நேரம் அது.

வெறும் வயிற்றில்தான் யோகா என்று காலை ஒன்பது மணிவரை சாப்பிடாமல் இருப்பது நம் வீடுகளில் பெரிய தொல்லை. எல்லோருக்கும் டிபன் கட்டிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை விரதமும் சேர்ந்து, பசியே வலியைக் கிளப்பிவிடும். எழுந்ததும் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்யுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த அரை மணி நேரம் யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் கறாராகச் சொல்லுங்கள். எய்ம்ஸ் ஆய்வில் பலன் கண்டவர்கள் வாரத்தில் மூன்று நாள், பிறகு ஐந்து நாள் என்று விடாமல் செய்தவர்கள், அந்த நேரத்தைத் தராமல் "யோகா பண்ணு" என்று மட்டும் சொல்கிற கணவரோ மாமியாரோ உதவி செய்யவில்லை.

மாத்திரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே இருக்கிற டிரிப்டான் வகையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அந்த எண்ணிக்கையைக் குறைக்கத்தான் யோகா கைகொடுக்கும். ஆனால் தினமும் போடுகிற தடுப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் மருந்துப் பட்டியலை முன்கூட்டியே டாக்டரிடம் காட்டுங்கள், தடுப்பு மருந்துகளில் ஒன்றான வால்ப்ரோயேட் கருவுக்கு ஆபத்தானது. வலிக்கு முன்னால் கண்ணில் வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தெரிகிறவர்கள், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பக்கவாத ஆபத்து கூடும்.

வாழ்க்கையில் வராத அளவுக்குத் திடீரென்று இடி மாதிரி வலி, கை கால் இழுப்பது, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பிரசவம் ஆன சில வாரங்களில் புதிதாகக் கடும் வலி, இதில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

(திரையில்: சுவரில் மாதக் காலண்டர், பேனா)

இன்றைக்கே மாதக் காலண்டரில் குறிக்கத் தொடங்குங்கள். மாதவிடாய் தேதி, வலி வந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை மாத்திரை, யோகா செய்த நாளுக்கு ஒரு புள்ளி. மூன்று மாதத் தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், மருந்தைக் குறைக்கலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்து அவர் சொல்லட்டும்.