தீவைக் கூட்ட முடியுமா?

நடுவர் அவர்களே, பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கையும் தாண்டி மாட்டுங்காவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் மும்பைத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

தீவுக்குப் போகும் பயணியின் மனம் நிறைவது வசதிகளாலா, கட்டுப்பாடுகளாலா? இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. நான் கட்டுப்பாடுகளின் பக்கம். அறை கூடட்டும், படகு கூடட்டும், காசு கொடுத்து வருகிறவரை மறிக்காதீர்கள் என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். தீவைக் கூட்ட முடியுமா?

பிலிப்பைன்ஸில் போராக்காய் என்றொரு தீவு. பத்து சதுர கிலோமீட்டர்தான். வெள்ளை மணலுக்குப் பேர்போனது. ஐயா கேட்கும் வசதி அத்தனையும் அங்கே வந்தது, விடுதிக்கு மேல் விடுதி. கழிவுநீர் நேரே கடலில் விழுந்தது. சாக்கடைக் குழி என்று அந்நாட்டு அதிபர் துதெர்தேவே சொன்னார். 2018 ஏப்ரல் 26 அன்று தீவையே மூடினார்கள். ஆறு மாதம்! திறந்தபோது, நாளுக்கு 6,405 பயணிகள்தான் வரலாம் என்று அளவு வைத்துத் திறந்தார்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடாவையும் அதே 2018-இல் மூடினார்கள். படகுச் சத்தம் ஓய்ந்ததும் துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. இன்றைக்குப் போகிறவர்கள் அந்தச் சுறாவைப் பார்த்துத்தானே பூரிக்கிறார்கள்?

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லட்சத்தீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் படலமாக மிதக்கும். வாளி போட்டு இறைத்தவரை அது தாங்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். அதனால்தான் நம் சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்தது. நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். 2011 கணக்கெடுப்பில் கவரத்தி மக்கள் பதினோராயிரத்துக்கும் மேல். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒன்பது லிட்டர். அந்த ஊரில் விடுதிக்கு நீச்சல் குளம் கேட்பது நியாயமா? உள்ளூர்க்காரர் குடத்தோடு நிற்கும் ஊரில் எந்த விருந்தாளிக்கு மனம் நிறையும்?

மும்பைக்குப் பக்கத்தில் குகைக்கோயில் இருக்கும் நம் எலிஃபெண்டா தீவுக்கே வாருங்கள். மூன்று முகச் சிவன் சிலையான சதாசிவ மூர்த்தத்தின் நடுமுகம் கண்மூடித் தியானத்தில் இருக்கிறது. நமக்கு இடப்பக்கம் மீசையோடு உக்கிர முகம், வலப்பக்கம் பெண்மை கனிந்த முகம். மூன்றையும் ஒன்றாக உள்வாங்கப் பத்து நிமிடமாவது சும்மா நிற்க வேண்டும். விடுமுறை நாளில் யார் நிற்க விடுகிறார்கள்? கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம் வந்து, படியேறி, முன்னால் நிற்பவரின் செல்போன் திரையில் சிவனைப் பார்த்துவிட்டு இறங்குகிறோம். இதற்கு இன்னும் பத்துப் படகு விட்டால் தீர்வா?

கட்டுப்பாடு வந்தால் தீவு பணக்காரருக்கு மட்டும்தானா என்று எதிரணித் தங்கை கேட்டார். நல்ல கேள்வி. கட்டுப்பாடு கட்டணமாக வந்தால் நானும் எதிர்ப்பேன், தங்கச்சி. எண்ணிக்கையாக வரட்டும். கொலாபாவின் பணக்காரக் குடும்பத்துக்கும் தாராவியின் ஏழைக் குடும்பத்துக்கும் ஒரே விலை, ஒரே முன்பதிவு வரிசை. இந்த ஞாயிறு இடமில்லை என்றால் அடுத்த ஞாயிறுக்குச் சீட்டு. அப்படி ஒரு தீர்ப்பைத்தான் நடுவர் அவர்களிடம் கேட்கிறேன். வணக்கம்.