மறுபடியும் தலை சுற்றும்போது

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். உள்காது பாதிப்பால் நிதானம் தவறி நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஓரளவு தேறி வந்தவருக்கு, திடீரென்று ஒரு நாள் காலையில் எழுந்ததும் மறுபடியும் தள்ளாட ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

அந்த நிலையில் என்னிடம் வருகிறவர்களில் பலர் சொல்லிவைத்தாற்போல ஒன்றைத்தான் சொல்வார்கள்: "பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சே!" வீணாகவில்லை என்று நான் சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். நாம் அசையாமல் இருக்கும்போதும் இரண்டு காதிலிருந்தும் சம அளவில் செய்தி போய்க்கொண்டே இருக்கும். ஒரு பக்க நரம்பு அழற்சியால் பழுதுபட்டால் அந்தப் பக்கச் செய்தி குறைந்துவிடும். அந்த வித்தியாசத்தை மூளை, தலை சுழல்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஆடாமல் அசையாமல் படுத்திருந்தாலும் அறையே சுற்றுவது இதனால்தான். கடுமையான சுழற்சி சில நாளில் அடங்கும். அதன்பின் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், குறைந்துபோன செய்தியை வைத்தே சமாளிக்க மூளை பழகிக்கொள்கிறது. நரம்பு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாதவர்கள்கூட நன்றாக நடமாடுவதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

காய்ச்சல் வந்தால், இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டால், மனக்கவலை அழுத்தினால், வேறு ஏதோ நோய்க்காகப் படுத்தே கிடந்தால், இந்தப் பழக்கம் கொஞ்சம் தளரும். அப்போது பழைய கிறுகிறுப்பு எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் காதில் புதிதாக எதுவும் கெட்டிருக்காது. கற்றுக்கொண்ட மூளை மறுபடி நிலைக்கு வர, முதல் தடவை ஆன அளவு காலம் பொதுவாக ஆவதும் இல்லை.

அப்படியானால் அந்த நாட்களில் படுத்து ஓய்வெடுக்கலாமா? காய்ச்சல் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். மற்றபடி அசையாமல் இருப்பது மீட்சியைத் தள்ளிப்போடும். 1940களில் இங்கிலாந்தில் காதார்ன், குக்ஸி என்ற இரண்டு மருத்துவர்கள், தலையில் அடிபட்டுத் தலைசுற்றலால் அவதிப்பட்டவர்களில் சீக்கிரம் நடமாடத் தொடங்கியவர்கள் சீக்கிரம் தேறுவதைக் கவனித்தார்கள். முதலில் கண், பிறகு தலை, அப்புறம் உட்கார்ந்து, நின்று, நடந்து என்று படிப்படியாகப் போகும் பயிற்சிகளை வகுத்தார்கள். இன்றும் நாங்கள் அந்த வழியில்தான் போகிறோம்.

ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு சீட்டில் பெரிதாக ஓர் எழுத்தை எழுதி, கண் மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். பார்வையை எழுத்திலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமுமாகத் திருப்புங்கள். எழுத்து கலங்காத வேகம் எதுவோ அதுதான் உங்கள் வேகம். பின்னடைவு வந்த வாரத்தில் இதை விட்டுவிடாதீர்கள், ஒரு படி இறங்குங்கள். நின்று செய்தவர் உட்கார்ந்து செய்யலாம், வேகத்தைக் குறைக்கலாம், நேரத்தையும் குறைக்கலாம். செய்யும்போது லேசாகக் கிறுகிறுக்கத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றத்திலிருந்துதான் மூளை கற்றுக்கொள்கிறது. முடித்தபின் கால் மணி நேரத்தில் அடங்கினால் அளவு சரி. அன்றைய நாள் முழுக்க ஆளைப் போட்டுப் படுத்தினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். பயந்துபோனவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். தலையைத் திருப்பமாட்டார், கழுத்தை இறுக்கிக்கொண்டு உடம்போடு சேர்த்துத் திரும்புவார். பின்னடைவு வந்ததும் முதலில் திரும்பி வருவது இந்தப் பழக்கம்தான். தலை அசையாவிட்டால் மூளைக்குப் பாடமே கிடைக்காது. பயமே தள்ளாட்டத்தை நீட்டித்துவிடுவதும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் அப்படி நீடித்தால் அதற்கென்று தனியாகச் சிகிச்சை இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தலைசுற்றல் மாத்திரை ஆரம்ப நாட்களில் உதவும். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டால் மூளை பழகுவதையே அது தாமதப்படுத்தும். நீங்களாக நிறுத்தாமல், எப்போது நிறுத்தலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எல்லாத் தலைசுற்றலையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடவும் கூடாது. படுக்கையில் புரளும்போது மட்டும் சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், காதுக்குள் இருக்கும் நுண்ணிய கால்சியம் படிகங்கள் இடம் மாறிக் குழாய்க்குள் போயிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் சாய்த்துத் திருப்பி அவற்றை வெளியே கொண்டுவரும் முறை இருக்கிறது. பலருக்கு ஓரிரு தடவையிலேயே குணம் தெரியும். ஒரு காது திடீரென்று மந்தமானால் தாமதிக்காமல் காது மருத்துவரைப் பாருங்கள். தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி வந்தாலோ, ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கடைசியாக, வீட்டில் உள்ளவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நோயில் கட்டு இருக்காது, காயம் இருக்காது. பார்க்க நன்றாகவே இருப்பார்கள். "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?" என்ற கேள்வி அவர்களை எவ்வளவு நோகடிக்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். நேற்று நன்றாகத்தான் இருந்தார்கள், இன்று முடியவில்லை, இரண்டுமே உண்மை. குளிக்கும்போது தலையில் நுரையோடு கண்ணை மூடினால் அவர்களுக்கு நிற்கவே முடியாமல் போகலாம். பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வைத்துக் கொடுங்கள், ராத்திரி நடைபாதையில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். நடக்கும்போது கையைப் பிடித்து இழுத்துப் போகாதீர்கள், பக்கத்திலேயே நடந்து வாருங்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டால் அவர்களே உங்கள் தோளைப் பிடித்துக்கொள்வார்கள். வணக்கம்.