தோற்றவள் கேட்கும் மன்னிப்பு

நண்பர்களே, பாட்டைக் கேட்டீர்கள். முன்வரிசையில் சிலர் தொடையில் தாளம் போட்டதையும் பார்த்தேன். வெட்கப்பட வேண்டாம், அங்கிருந்தே தொடங்கலாம்.

ஸ்வீடனின் ‘ஆபா’ குழு 1980இல் வெளியிட்ட ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ (வென்றவருக்கே எல்லாம்) ஒரு மணமுறிவுப் பாட்டு. ஆனால் சோகத்துக்கென்று வைத்திருக்கும் சுரங்களை அது தொடவில்லை. இதன் சுரவரிசையை மேற்கத்தியர் மேஜர் என்பார்கள். நம் கணக்கில் சங்கராபரணத்தின் சுரங்கள். கல்யாண வீட்டிலும் வாசிக்கலாம். துயரம் பியானோவில் இருக்கிறது. படியிறங்குவதுபோல் கீழே கீழே வரும் ஒரு சிறு இழை, முடிந்ததும் மறுபடி மேல்படிக்குப் போய் நிற்கிறது. பாட்டுக்கு மெட்டுகளும் இரண்டே இரண்டுதான். மாறி மாறி அவையே வருகின்றன. தீர்ப்பான வழக்கை ராத்திரியெல்லாம் திரும்பத் திரும்ப வாதாடும் மனத்துக்கு வேறு மெட்டு எதற்கு?

சொற்களை எழுதியவர் பியோர்ன் உல்வேயஸ். பாடியவர் அக்னெத்தா ஃபால்ட்ஸ்கோக். 1971இல் மணந்து, இரண்டு குழந்தைகளைப் பெற்று, பிரிந்துபோனவர்கள். பிராந்தி பக்கத்திலிருக்க ஒரு மணி நேரத்தில் எழுதியதாக உல்வேயஸே சொல்லியிருக்கிறார். எங்கள் பிரிவில் வென்றவர் யாருமில்லை, கதை கற்பனை என்றும் சொல்கிறார். நான் பாதிதான் நம்புகிறேன்.

ஆண் கவி பெண் குரலில் பாடுவது நமக்குப் புதிதல்ல. அகப்பாடல்களில் தலைவி கூற்று எத்தனை! ஆனால் அங்கே பெயர் சுட்டுவதில்லை; தலைவி யாரென்று ஊர் அறியாது. இந்தப் பாட்டிலும் பெயரில்லைதான். ஆனால் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். பிரிந்த மனைவியிடமே அந்தத் தாளை நீட்டிப் பாடச் சொன்னால், அதை என்னவென்பது?

கடைசிச் சரணத்துக்கு வாருங்கள். அவன் கைகுலுக்க வந்திருக்கிறான். அவள் சபிக்கவில்லை. தான் இப்படிப் பதறி நிற்பது அவனுக்குச் சங்கடமாக இருந்தால் மன்னிக்க வேண்டும் என்கிறாள். வீடே இடிந்து கிடக்கும்போதும் வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழக்கம்! அந்த மன்னிப்பை எழுதியது அவளல்ல, அவன். முதலில் புரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அக்னெத்தாவோ, ஆபா பாட்டுகளில் தமக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று சொல்லியிருக்கிறார். என் கோபத்தை அவர் கேட்கவில்லை. அந்தச் சரணத்தை மட்டும் இன்னொரு முறை போடச் சொல்கிறேன். இம்முறை பியானோவை விட்டுவிட்டு, குரலின் பின்னால் மட்டும் போங்கள். அது கெஞ்சுகிறதா என்று பாருங்கள்.