எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை: மலைப்பனியில் என் முதல் நாள்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிகிற தேக்குத் தூண்களைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள், நான் இப்போது கனடாவில், கால்கரியில் இல்லை. கானாடுகாத்தானில், எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். எங்கள் பக்கம் சாந்தி என்போம், அதற்காக வந்தேன். இரண்டாம் கட்டில் சமையல்காரர்கள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நடுநடுவே கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. நான் ஆத்தங்குடிக் கல்லில் காலை நீட்டிக்கொண்டு, பிப்ரவரியில் மைனஸ் 14 டிகிரியில் எடுத்த வீடியோவை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், வாங்கிவிட்டேன். பனி வண்டி. ஸ்னோமொபைல். அதிலும் மலையில் ஏறுவதற்கென்றே செய்த வண்டி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், இது விளம்பரமில்லை.

முதலில் பூசைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். புது வண்டி என்றதும் அப்பத்தா போனில் ஒரே பிடிவாதம். "எலுமிச்சம்பழம் வைக்காம எடுக்காதே." சரி, ரெவெல்ஸ்டோக் ஊரில் ஒரு கடையில் நாலு பழம் வாங்கினேன். வண்டியை இறக்கிவிட்டுப் பார்த்தால் சக்கரமே இல்லை. முன்னால் இரண்டு ஸ்கீ, அதாவது சறுக்குப் பலகை, பின்னால் ரப்பர் பட்டை. ஸ்கீக்கு அடியில் ஒவ்வொரு பழமாக வைத்துவிட்டு ஏறினேன். பழம் நசுங்கவில்லை, பனிக்குள் அமுங்கிப் போய்விட்டது! கூட வந்த நண்பர் தேவகோட்டைக்காரர், பத்து வருஷமாக அங்கே ஓட்டுகிறவர். குனிந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு நீயும் இப்படித்தான் அமுங்கப் போறே" என்றார். வாய் முகூர்த்தம்.

ரெவெல்ஸ்டோக், கால்கரியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். வழியில் ரோஜர்ஸ் கணவாய் வரும். பனிச்சரிவு தானாக வந்து சாலையில் விழுவதற்கு முன், கனடா ராணுவம் பீரங்கியால் சுட்டு அதை இறக்கிவிடுகிற இடம். அந்தப் பக்கத்துப் பனி எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: ரெவெல்ஸ்டோக்குக்கு அருகே கோப்லாண்ட் மலையில் 1971-72 குளிர்காலம் முழுக்க விழுந்ததைக் கூட்டினால் 2,447 சென்டிமீட்டர். இருபத்து நாலு மீட்டருக்கு மேல். கண்மாய் நிறையுமா என்று வானத்தைப் பார்க்கிற ஊரில் உட்கார்ந்து இதைச் சொல்ல ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 850 சிசி, டூ-ஸ்ட்ரோக். கியர் கிடையாது, ஸ்கூட்டர் மாதிரி பெல்ட்தான். ஆக்சிலேட்டர் வலது கட்டைவிரலில், பிரேக் இடது கையில். ரப்பர் பட்டையின் சுற்றளவு 165 அங்குலம், கிட்டத்தட்ட 14 அடி. அதில் வரிசையாக மூன்று அங்குல உயரத்துக்குப் பற்கள். பட்டை நீளமாக இருந்தால்தான் எடை பரவி, வண்டி பனிமேல் மிதக்கும். ரேடியேட்டர் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எஞ்சின் சூட்டை வாங்கிய தண்ணீர் இருக்கைக்கு அடியில் உள்ள தகடுகளுக்குள் ஓடும், பட்டை வாரி அடிக்கிற பனி அந்தத் தகட்டில் பட்டு அதைக் குளிர்விக்கும். அதாவது பனியில்லாமல் ஓட்டினால் சூடேறிவிடும்.

நான் அதைத்தான் செய்தேன். போல்டர் மலைக்குப் போகிற பாதையில் காலையில் பனி இறுகிக் கல் மாதிரி இருந்தது, பட்டை வாரி அடிக்கப் பொடியே இல்லை. பத்து நிமிஷத்தில் மீட்டரில் சூட்டு விளக்கு எரிந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். நண்பர் வந்து பார்த்தார், சிரித்தார். பக்கவாட்டில் மடக்கி வைத்திருந்த இரண்டு கம்பிகளை நான் கீழே இறக்கவே இல்லை. அந்தக் கம்பி பாதையைச் சுரண்டிக்கொண்டே வந்து பொடியைக் கிளப்பும், அந்தப் பொடி போதும் வண்டிக்கு. கையேட்டில் இருக்கிறது. கையேட்டை யார் படித்தது?

புகையும் அதிகமாக வந்தது. அது கோளாறில்லை. முதல் பத்து மணி நேரம் எஞ்சின் பழகுகிற வரை வண்டியே கூடுதலாக எண்ணெய் விட்டுக்கொள்ளும். அந்தப் பத்து மணி நேரமும் முழு ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். எனக்கு அது வசதிதான், முழுசாகப் பிடிக்கிற தைரியம் எப்படியும் இல்லை.

மேலே போனதும் பாதை முடிந்து மாவு மாதிரிப் பனி. என் இருபது வருஷத்து டூவீலர் பழக்கம் முழுவதும் வீணானது இங்கேதான். இடது பக்கம் திரும்ப வேண்டுமா? ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்ப வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வலது காலைத் தூக்கி இடது பக்கப் பலகையில் வைத்து, உடம்பை இடது பக்கம் வெளியே தொங்கவிட்டு, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பினால் வண்டி ஒருக்களித்துப் படுத்துத் திரும்பும். உட்கார்ந்துகொண்டு ஹேண்டிலோடு மல்லுக்கட்டினால் அது நேராகத்தான் போகும், மரத்தைப் பார்த்து.

ஹேண்டிலின் நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு வார் இருக்கிறது. அதைப் பிடித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்குப் புரியும். மாட்டை நிறுத்த நினைக்கிறவன் தூக்கி எறியப்படுவான். திமிலை அணைத்து அது போகிற பக்கம் கூடவே போகிறவன்தான் நாலு துள்ளல் தாங்குவான். அன்று மத்தியானம் வரை நான் முதல் ரகம்.

அப்புறம் மாட்டினேன். ஏற்றத்தில், அதுவும் நடுவில், வீடியோ எடுக்கிறேன் என்று நிறுத்தினேன். திரும்பக் கிளப்பும்போது ஒரே அழுத்து. பட்டை பள்ளம் தோண்டிக்கொண்டு பின்பக்கம் இடுப்பளவு இறங்கிவிட்டது. நண்பர் கீழிருந்து கத்துகிறார்: "விரலை எடு! கண்மாய்ச் சகதியில டிராக்டர் மாட்டினா ஆக்சிலேட்டரையா மிதிப்பே?" உண்மையைச் சொன்னால், மிதிக்கத்தான் செய்வோம். ஒரு மணி நேரம் மண்வெட்டியோடு கிடந்தேன். வண்டிக்கு முன்னால் இருக்கிற பனியை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி, பக்கத்தில் பள்ளம் பறித்து, 200 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டியைக் கீழ்நோக்கிப் புரட்ட வேண்டும். வீடியோவில் அது முப்பது விநாடிதான், அவமானம் போதும் என்று வெட்டிவிட்டேன்.

அவர் ஏன் மேலே வந்து உதவவில்லை என்று சிலர் கேட்பீர்கள். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அன்று மலை உச்சிப் பகுதிக்கு பனிச்சரிவு அபாயம் அஞ்சில் மூணு. மூணு என்றதும் பாஸ் மார்க் மாதிரி எனக்கும் தோன்றியது. ஆனால் மூன்றாம் படியின் அர்த்தம், பனி தானாகச் சரியலாம், மனிதன் மேலே போனால் சரிய வாய்ப்பு அதிகம் என்பது. அதனால் நல்ல பெரிய சரிவுகளை எல்லாம் கீழிருந்து கும்பிட்டுவிட்டு வந்தோம். புதைந்தால் இருக்கிற இடத்தைக் காட்ட மார்பில் 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் விடுகிற கருவி, பையில் மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேட மடக்குக் கம்பு, இவை இல்லாதவரை அவர் கூட்டிப் போகவே மாட்டார். புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. வெளியிலிருந்து ஆள் வருகிற வரை காத்திருக்க நேரம் இருக்காது, கூட இருக்கிறவர்தான் தோண்ட வேண்டும். இரண்டு நாள் பயிற்சி வகுப்பு முடித்த பிறகுதான் நான் வண்டியே வாங்கினேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நேற்று ராத்திரி அப்பத்தாவுக்கு வீடியோவைக் காட்டினேன். "ரோடு இல்லாத இடத்துக்குப் போறதுக்கா இம்புட்டுக் காசு? இதை எவன் கண்டுபிடிச்சான்?" என்றார்கள். அந்தக் கதையைச் சொன்னேன். கியூபெக்கில் வால்கூர் என்கிற ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்று ஒரு மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயில் கிடந்தான். பனி மூடிய சாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனான். பனியில் ஓடுகிற வண்டிக்காக ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தவர், ஏழு பேர் உட்கார்ந்து போகிற வண்டியை 1937 வாக்கில் விற்க ஆரம்பித்தார். ஒருவர் இருவர் போகிற சின்ன ஸ்கீ-டூ வந்தது 1959-ல்தான்.

அப்பத்தா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. காசைப் பற்றியும் அப்புறம் கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும், "அந்த எலுமிச்சம்பழம் என்னாச்சு?" என்றார்கள்.

"பனிக்குள்ளதான் இருக்கும் அப்பத்தா. உருகினாத்தான் தெரியும்."

"நசுங்கலையா? அப்பப் பூசையே முடியலை. பிள்ளையார்பட்டிக்குப் போயி ஒரு தேங்காயாவது ஒடச்சிட்டுக் கிளம்பு."

சரி, நாளைக் காலையில் பிள்ளையார்பட்டி. இப்போது பந்திக்குக் கூப்பிடுகிறார்கள், கேமராவை அணைக்கிறேன்.