தலைக்கு மேல ரெண்டு விமானம் குறுக்க போனா 'ஜஸ்ட் மிஸ்'ஸா?

வணக்கம் மக்களே. கிருஷ்ணகிரி டேம் பக்கத்துல ஒரு மாந்தோப்பு ஓரமா நிக்கிறேன், காத்து இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்குங்க.

வாட்ஸ்அப்ல அடிக்கடி சுத்துற ஒரு வீடியோ இருக்கு. வானத்துல ரெண்டு வெள்ளைக்கோடு, கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக்குது. கீழ 'ஜஸ்ட் மிஸ்'னு எழுத்து. இங்க சென்னை ரோடும் சேலம் ரோடும் பிரியற இடத்துல, பாலத்து மேல போற லாரியையும் கீழ போற பஸ்ஸையும் நேரா மேல இருந்து ட்ரோன்ல எடுத்துப் பாருங்க. அதுவும் மோதற மாதிரிதான் தெரியும். அடியில நின்னு பாக்குறவனுக்கு உயர வித்தியாசம் தெரியவே தெரியாது.

29,000 அடியில இருந்து 41,000 அடி வரைக்கும் ரெண்டு விமானத்துக்கு நடுவுல 1,000 அடி இருந்தா போதும். இந்தியாவுல இந்த முறை 2003 நவம்பர்ல வந்துச்சு, அதுக்கு முன்ன அந்த உயரத்துல 2,000 அடி விடணும். 1,000 அடின்னா ஏறக்குறைய 305 மீட்டர். ஒரு ஏ320 விமானத்தை நெட்டுக்குத்தா ஒண்ணு மேல ஒண்ணா எட்டு நிறுத்துற அளவு. பொதுவா கிழக்கே போறது 33,000, 35,000னு ஒத்தைப்படை, மேற்கே போறது 34,000, 36,000னு ரெட்டைப்படை. அதனால எதிரும் புதிருமா வர்றது தினமும் ஒண்ணு மேல ஒண்ணு தாண்டிட்டுதான் போகுது.

உயரத்துல 1,000 அடி இல்லைன்னா, பக்கவாட்டுல இடைவெளி இருக்கணும். ரேடார்ல பாத்து நடத்துற இடத்துல நெடுவழியில பெரும்பாலும் 5 நாட்டிக்கல் மைல், ஏர்போர்ட்டை ஒட்டி 3. ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும். ரெண்டுமே ஒரே நேரத்துல இல்லாம போனாதான் அதுக்குப் பேரு இடைவெளி இழப்பு. 5 மைல்னா 9 கிலோமீட்டருக்கு மேல, நிறைய இருக்கேன்னு தோணும். ஆனா நேருக்கு நேர் 850 கிலோமீட்டர் வேகத்துல ரெண்டும் வந்தா அதைத் தின்ன 20 செகண்டுதான்.

சரி, எங்க கெடுது? எஞ்சின்லயோ ரேடார்லயோன்னு நினைப்போம். நிறைய தடவை காதுலதான் கெடுது. கன்ட்ரோலர், அதான் தரையில இருந்து விமானங்களுக்கு வழி சொல்றவர், ஒரு உயரத்தைச் சொல்வார், பைலட் அதைத் திருப்பிச் சொல்லணும், அது சரியான்னு கன்ட்ரோலர் கேட்டாகணும். இந்த மூணாவது படிதான் நழுவுது. ஒரே கம்பெனியோட விமானங்கள், பேரும் நம்பரும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தர் வாங்கிக்குவார். ரெண்டு பேர் ஒரே நேரத்துல மைக்கை அமுக்கினா கீச்சுன்னு ஒரு சத்தம், ரெண்டு பேர் பேச்சும் போச்சு. கன்ட்ரோலர் தான் நினைச்ச நம்பரையே காதுல கேட்டுடுவார், மனசு அப்படித்தான்.

1996 நவம்பர் 12, ஹரியானாவுல சர்கி தாத்ரி. ஏறி வந்த சவுதி விமானத்துக்கு 14,000 அடி, இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. அது 15,000த்துல நிக்காம இன்னும் இறங்கிடுச்சு. 349 பேர் போயிட்டாங்க. அன்னைக்கு டெல்லியில இருந்த ரேடார் விமானம் எங்க இருக்குன்னு காட்டும், எந்த உயரத்துலன்னு காட்டாது. கன்ட்ரோலருக்கு உயரம்ங்கறது பைலட் வாயில வர்ற வார்த்தை மட்டும்தான்.

நம்ம பக்கத்துல, பெங்களூர்ல 2022 ஜனவரி 7. ரெண்டு ரன்வே தனித்தனி வேலை பாத்துட்டிருந்ததை மாத்தி, ஒண்ணை மட்டும் வெச்சு ஓட்டுறதுன்னு முடிவு. அந்த முடிவு தெற்கு ரன்வேயைப் பாத்துக்கிட்ட டவருக்குப் போய்ச் சேரலை. ரெண்டு விமானம் ரெண்டு ரன்வேல இருந்து கிட்டத்தட்ட ஒரே நேரத்துல கிளம்பி, ஒண்ணை நோக்கி ஒண்ணு நெருங்குச்சு. ரேடார் கன்ட்ரோலர் பாத்து பிரிச்சு விட்டார். எந்த மெஷினும் பழுதாகலை.

கடைசி வலை டீகாஸ். விமானத்துக்குள்ளயே இருக்கற பெட்டி, எதிர் விமானத்தோட டிரான்ஸ்பாண்டரை, அதான் கேட்டா பதில் சிக்னல் அனுப்புற கருவியை, கேள்வி கேட்டு உயரத்தையும் தூரத்தையும் கணக்குப் போடும். முதல்ல "டிராஃபிக், டிராஃபிக்", அது வெறும் எச்சரிக்கை. அப்புறம் "கிளைம்ப், கிளைம்ப்" இல்லைன்னா "டிசெண்ட், டிசெண்ட்". ரெண்டு பெட்டியும் தங்களுக்குள்ள பேசி ஒண்ணை ஏத்தும், ஒண்ணை இறக்கும். பைலட் ஆட்டோபைலட்டை எடுத்துட்டு 5 செகண்டுக்குள்ள நிமிஷத்துக்கு 1,500 அடி வேகத்துல மாறணும். ஏறு, இறங்குன்னு பெட்டி சொல்ற அந்தக் கட்டளைக்குப் பேரு ஆர்ஏ. "டீகாஸ் ஆர்ஏ"ன்னு பைலட் ஒரு வார்த்தை ரேடியோல சொன்னா, கன்ட்ரோலர் அந்த விமானத்தோட போக்கை மாத்தச் சொல்லக் கூடாது.

இங்க ஒரு விஷயம், கன்ட்ரோலர் ஒண்ணு சொல்லி டீகாஸ் வேற சொன்னா? டீகாஸ்தான். இந்த விதிக்கு அழுத்தம் வந்ததே 2002 ஜூலை 1க்கு அப்புறம்தான். ஜெர்மனி யூபர்லிங்கன் மேல 36,000 அடியில ரெண்டு விமானம். அந்த வானத்தைப் பாத்துக்கிட்ட சுவிட்சர்லாந்து சுரிச்சுல ஒரே கன்ட்ரோலர், ரெண்டு திரை, மோதல் எச்சரிக்கை காட்டுற வசதி பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தாங்க. ரஷ்ய விமானத்தை அவர் இறங்கச் சொன்னார், டீகாஸ் ஏறச் சொல்லுச்சு. அவங்க இறங்கினாங்க. சரக்கு விமானம் தன்னோட டீகாஸ் சொன்னபடி அதுவும் இறங்குச்சு. 71 பேர். ஒருத்தர் கேட்டு ஒருத்தர் கேக்காம விட்டா, டீகாஸே இல்லாததை விட மோசம்.

டீகாஸ் தேவையில்லாம கத்துறதும் உண்டு. ஒருத்தர் 34,000த்துல நிக்கிறதுக்காக நிமிஷத்துக்கு 3,000 அடி வேகத்துல ஏறி வரார், மேல 35,000த்துல ஒருத்தர். அவர் நின்னுடுவார்னு பெட்டிக்குத் தெரியாது. அதான் கடைசி 1,000 அடியில வேகத்தை 1,500க்குக் கீழ இறக்குங்கன்னு சொல்றாங்க.

நீங்க ஃப்ளைட்ரேடார்24 ஆப்ல பாக்கும்போது ரெண்டு படமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிட்டா பதறாதீங்க. ஒவ்வொண்ணையும் தொட்டு உயரத்தைப் பாருங்க, ஏறுற வேகம் சைபரான்னு பாருங்க. அந்த உயரம் காத்தழுத்தத்தை வெச்சு, 1013 ஹெக்டோபாஸ்கல்ங்கற பொது அழுத்த அளவுக்குக் கணக்கிட்டது, தரையில இருந்து இல்லை. பெங்களூர் ஏர்போர்ட்டே கடல் மட்டத்துல இருந்து சுமார் 3,000 அடி, அதனால அங்க ஆப் 6,000னு காட்டினா தரைக்கு மேல பாதிதான். சிக்னல் விட்டுப்போற இடத்துல ஆப்பே ஊகிச்சு விமானத்தை நகர்த்தும், அந்த நேரத்து ஸ்க்ரீன்ஷாட்டை யாருக்கும் அனுப்பிடாதீங்க.