மந்தை போகிற வழி

எல்லாருக்கும் வணக்கம். மேய்ச்சல் மக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே காலனி ஆட்சி அவர்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பிடுங்கியது உண்மைதான். ஆனால் மாடு வைத்திருப்பவருக்கு நிலம் மட்டும் இருந்தால் போதாது, கோடையில் தண்ணீரும் புல்லும் இருக்கும் பக்கம் மந்தையை ஓட்டிப்போக வழி வேண்டும். கென்யாவின் மாசாய் மக்களுக்கு அந்த வழி எப்படி அடைபட்டது என்றுதான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

1890களில் வெக்கை நோய் வந்து அவர்களுடைய மாடுகளில் பெரும்பகுதி செத்துப்போனது. கூடவே பெரியம்மை, பஞ்சம். பிழைத்தவர்களில் பலர் கிக்குயு போன்ற பக்கத்து மக்களிடம் அடைக்கலம் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வந்த பிரிட்டிஷார், மாசாய்கள் மந்தை மேய்த்துவந்த ரிஃப்ட் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு இது ஆளில்லாத நிலம் என்று முடிவு கட்டினார்கள். 1901இல் பிரிட்டிஷார் கடற்கரையிலிருந்து போட்ட ரயில் பாதை விக்டோரியா ஏரியைத் தொட்டது. செலவழித்த பணத்தை எடுக்க வெள்ளைக்காரக் குடியேறிகள் வேண்டும், அவர்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கின் நைவாஷா, நக்குரு பக்கத்துப் புல்வெளிகள் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

1904 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டார்கள். ஒலோனானா என்ற லைபோன், அதாவது சடங்குத் தலைவர், அவரும் மற்றவர்களும் கைநாட்டு வைத்தார்கள். பள்ளத்தாக்கை விட்டுவிட்டு ஒரு பகுதியினர் வடக்கே லைகிப்பியாவுக்கும் மற்றவர்கள் தெற்கேயும் போக வேண்டும். மாசாய் இனம் இருக்கும் வரை இது செல்லும் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறது. அதில் இன்னொரு ஷரத்தும் உண்டு, நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அங்கேதான்: இரண்டு பகுதிகளையும் இணைக்க, தண்ணீர் கிடைக்கிற இடங்களோடு சேர்த்து ஒரு பாதை. அத்தனையும் போகிறது என்று தெரிந்த பிறகும் அந்த மனிதர்கள் கேட்டு வாங்கியது ஒரு பாதையை! அதுவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை, கால்நடை நோய் பரவும் என்று சொல்லி மந்தைகளைத் தடுத்தார்கள்.

சரி, இனம் இருக்கும் வரை செல்ல வேண்டிய ஒப்பந்தம் எத்தனை வருஷம் தாங்கியது? ஏழு. 1911இல் லைகிப்பியாவும் குடியேறிகளுக்கு வேண்டியிருந்தது, இன்னொரு காகிதம் வந்தது. மாவ் மலைமேட்டின் மேலே குளிரிலும் மழையிலும் மாடு, ஆடு, குழந்தை, கிழவி எல்லாரையும் தெற்கே கிளப்பினார்கள். வழியில் கால்நடைகள் விழுந்து செத்தன, மனிதர்களும் செத்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் தண்ணீர் குறைவு, உண்ணிக் காய்ச்சல், மாட்டுக்கு நோய் பரப்பும் ட்செட்சி ஈ.

மாசாய்கள் சும்மா இருக்கவில்லை. லைகிப்பியா மாசாய்களின் தலைவர் லெகலிஷுவும் அவருடைய ஆட்களும் வக்கீல் வைத்து வழக்குப் போட்டார்கள். 1913இல் தீர்ப்பு: நீங்கள் பிரிட்டிஷ் குடிகள் இல்லை, அந்நியர்கள், இது இரண்டு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆகவே இந்த நீதிமன்றம் இதை விசாரிக்காது. சொந்த மண்ணில் நிற்கிறவர்களைப் பார்த்து அந்நியர் என்றார்கள். இதைப் படித்த அன்று எனக்கு மனசு ஆறவே இல்லை.

அப்புறம் 1915இல் ஒரு சட்டம் வந்தது, குடியேறிகளின் குத்தகைக் காலத்தை 99 வருஷத்திலிருந்து 999 ஆக்கியது.

1933, 34 வறட்சியில், தெற்கே மாசாய்களுக்கென்று ஒதுக்கிய அந்த ஒதுக்கிடத்து மாடுகளில் பாதிக்கு மேல் செத்தன. அந்த மண்ணில் வறட்சி புதுசு இல்லை. முன்பெல்லாம் மழை பொய்த்தால் மேட்டு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். இப்போது அந்த மேட்டில் கோதுமையும் கம்பி வேலியும் இருந்தன, ஒதுக்கிடத்தை விட்டு மந்தையோடு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.

2004 ஆகஸ்டில், முதல் ஒப்பந்தத்துக்கு நூறு வருஷம் ஆனபோது, லைகிப்பியாவில் மாசாய்கள் தங்கள் மாடுகளைப் பண்ணை வேலிகளுக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள். போலீஸ் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, ஒரு முதியவர் இறந்துபோனார்.