பாஷா பாய் வாயத் தொறந்தா வேலை போயிரும்

நடுவர் அய்யாவுக்கும் எதிரணிக்கும் வணக்கம்ங்க. பழைய குடும்ப காமெடி படங்க எல்லாரையும் சேத்துக்கிட்டு சிரிச்சுச்சா, இல்ல சில பேர ஒதுக்கி வச்சு சிரிச்சுச்சா, இதானே தலைப்பு. நாங்க ஒதுக்கி வச்சுத்தான்னு சொல்ற அணி. அதுக்காக அந்தப் படமெல்லாம் புடிக்காத ஆளுன்னு நெனச்சுராதீங்க, டிவில போட்டா இன்னிக்கும் ரிமோட்ட யாருக்கும் குடுக்க மாட்டேன்.

எனக்கு முன்னாடி பேசுன அண்ணன் 'சம்சாரம் அது மின்சாரம்' சொன்னாரு. 1986லயே ஒரு முதலியார் வீட்டுப் பொண்ணு கிறிஸ்தவப் பையனக் கட்டிக்குது, வேலைக்காரி கண்ணம்மாவா வர்ற மனோரமா ஆச்சி சம்பந்தியவே "கம்முனு கெட"ன்னு அடக்குறாங்க, தேசிய விருதே வாங்குன படம்னாரு. எல்லாம் சரிதான், ஆச்சிக்கு விசிலடிச்சவன்தான் நானும். ஆனா அண்ணே, கண்ணம்மா அம்புட்டுப் பேச்சும் யாருக்காகப் பேசுச்சு? மொதலாளி பொண்ணு வாழ்க்கைக்காக. கண்ணம்மாவுக்கு ஒரு கஷ்டம்னா அந்த வீட்ல யாரு கெளம்பிப் போயி யார "கம்முனு கெட"ன்னாங்க?

1991ல 'சின்ன தம்பி'. கவுண்டமணி அண்ணனுக்கு மாலைக்கண், பொழுது சாஞ்சா கண்ணு தெரியாது, அதுதான் மொத்த காமெடியும். வைட்டமின் ஏ கொறஞ்சா வர்ற வியாதிங்க அது, சோத்துக்கே வழியில்லாத வீட்டுப் புள்ளைங்களுக்குத்தான் மொதல்ல வரும். நாம என்னடான்னா முறுக்கு தின்னுக்கிட்டே சிரிச்சோம்.

சரி, எதிரணியோட பெரிய துருப்புச் சீட்டு 'அவ்வை சண்முகி', 1996. நாசர் பாஷாவா வருவாரே. ஆசாரமான விஸ்வநாத அய்யர் வீட்ல சமையல் வேலை, முஸ்லிம்னு தெரிஞ்சா உள்ள விட மாட்டாங்கன்னு பிராமண வேஷம், அதுவும் பத்தாதுன்னு ஊமை மாதிரி நடிப்பு. வீடே இவரு கையால சாப்புடுது, இவரு மட்டும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு நாள் தொழுறப்ப மாட்டிக்குவாரு பாருங்க, தியேட்டரே வயித்தப் புடிச்சுக்கும். அங்க நாம சிரிக்கிறது பாஷாவப் பாத்தா, அந்த வீட்டு வாசப்படியப் பாத்தா? வாசப்படியப் பாத்துத்தான், ஒத்துக்குறேன். கிரேஸி மோகன் வசனம், கிண்டல் போய்ச் சேர வேண்டிய எடத்துக்குக் கரெக்டா போயிரும். இந்த ஒரு மார்க்க நானே போட்டுத் தர்றேன், வாங்கிக்கோங்க.

வாங்கிட்டீங்கள்ல? இனிமே "அந்தக் காலம் அப்படிங்க"ன்னு மட்டும் வந்துராதீங்க. 1996ல இப்படி எழுதத் தெரிஞ்ச சினிமா 11 வருஷம் கழிச்சு 'சிவாஜி'ல என்ன பண்ணுச்சு? பக்கத்து வீட்டுல ரெண்டு பொண்ணுங்கள கன்னங்கரேல்னு காட்டி, ஹீரோ அவங்களப் பாத்து மெரளுறதத்தான் ஜோக்குன்னு வச்சாங்க. பேரு அங்கவை, சங்கவை. பாரி மகளிர் பேருங்க அது! "அற்றைத் திங்கள்"னு புறநானூத்துல அப்பனப் பறிகுடுத்துட்டு அழுத பொண்ணுங்க பேரு. அப்பாவா நடிச்சது யாருன்னு பாத்தா நம்ம மேடைக்கெல்லாம் பெரியவரு, சாலமன் பாப்பையா அய்யா. நடுவர் அய்யா முறைக்காதீங்க, அவரு மேல எனக்கும் மரியாதை உண்டு, நானே அவரு பேச்சக் கேட்டு மைக்கப் புடிச்சவன்தான். இன்னொன்னு பாருங்க, அதே படத்துல ரஜினியும் கறுப்பா இருக்கோமேன்னு வெள்ளையாகறதுக்கு என்னென்னமோ பூசிக்குவாரு, அது ஒரு பாட்டா வந்து ஸ்டைலா முடிஞ்சிரும், கடைசில அதே நெறத்தோட பொண்ணக் கட்டிக்குவாரு. அப்ப கறுப்பு ஆம்பளைக்குன்னா ஸ்டைலு, பொம்பளைக்குன்னா ஜோக்கா?

பெல் அடிச்சுட்டாங்க, கேட்டுருச்சு. எனக்கு அடுத்து வர்ற எதிரணி அக்காகிட்ட ஒன்னே ஒன்னு. அங்கவைக்கு என்ன புடிக்கும், என்ன படிச்சுச்சு, ஹீரோவப் பத்தி அது என்ன நெனச்சுச்சு, படத்துலருந்து ஒரே ஒரு வசனம் எடுத்துச் சொல்லுங்கக்கா. நான் உக்காந்து கேக்குறேன்.